சோம்பு வாங்கிய கதை

வாழ்க்கையில் குறித்த நேரத்துக்கு முன்னால் நான் செய்து முடித்த ஒரே காரியம் பிறந்ததுதான். பத்து மாதக் கணக்கை ஏழே மாதத்தில் முடித்துக்கொண்டு, ஒன்றேகால் கிலோ எடையில் வந்து சேர்ந்தேன். அந்த அவசரத்தில் மூளையில் ஓரிடத்தில் அடிபட்டுவிட்டது. அதற்குப் பிறகு இந்த இருபத்தேழு வயது வரை எந்த இடத்துக்கும் நான் நேரத்துக்குப் போனதில்லை.

டாக்டர்கள் செரிபரல் பால்சி என்பார்கள். அரசாங்கக் காகிதங்களில் மூளை முடக்குவாதம். பிறப்பதற்கு முன்போ, பிறக்கும்போதோ, பிறந்த கொஞ்ச காலத்துக்குள்ளோ, வளர்ந்துகொண்டிருக்கும் மூளையில் ஏற்படுகிற சேதம் இது. சேதம் அதோடு நின்றுவிடும். கூடவும் கூடாது, குறையவும் குறையாது. தசைகளுக்கு அந்த மூளை அனுப்புகிற உத்தரவுகள் மட்டும் ஆயுசுக்கும் குளறும். தசை இறுகினால் ஒரு வகை, தானாக நெளிந்தால் இன்னொரு வகை, தள்ளாடினால் மற்றொரு வகை. என் கால்கள் இறுகும், கைகள் நெளியும். பேச்சில் இழுவை. கலப்பு வகை என்று ஃபைலில் எழுதியிருக்கிறது.

ஏன் வந்தது என்பதில் எங்கள் வீட்டில் ஆளுக்கொரு கட்சி. நான் வயிற்றில் இருந்தபோது கிரகணத்தன்று அம்மா மொட்டை மாடியில் துணி எடுத்ததுதான் காரணம் என்பாள் ஆயா. அத்தை பப்பாளிக் கட்சி. 1861-இல் லண்டனில் வில்லியம் ஜான் லிட்டில் என்ற அறுவை மருத்துவர், கஷ்டமான பிரசவமும் குறைமாதமும் மூச்சுத் திணறலும்தான் காரணம் என்றார். சின்ன வயதில் போலியோ வந்து அவருக்கே ஒரு பாதம் கோணல். ரொம்ப காலம் இதற்கு ‘லிட்டில் நோய்’ என்றே பெயர் இருந்தது. 1897-இல் சிக்மண்ட் ஃப்ராய்ட் குறுக்கே வந்தார். ஆமாம், அதே ஃப்ராய்ட்தான். கனவுகளைக் கிளறப் போவதற்கு முன்னால் அவர் நரம்பு வைத்தியர். பிரசவம் கஷ்டமானதே, கருவில் முன்பே நடந்த ஏதோ ஒன்றின் அடையாளமாக இருக்கலாமே என்றார். இதை அம்மாவிடம் சொன்னேன். “யாரு பெத்த புள்ளையோ, நல்லா இருக்கட்டும்” என்றாள். அதற்கப்புறம் அவர் அம்மாக்களைப் பற்றி என்னென்ன எழுதினார் என்பதை நான் சொல்லவில்லை.

என் உடம்புக்கு ஒரு சட்டம் உண்டு. யாரும் கவனிக்காதபோது ஓரளவு ஒழுங்காக இருக்கும். “பார்த்து, பார்த்து!” என்று யாராவது சொன்னதும் கைவிட்டுவிடும். பதற்றம், கோபம், சந்தோஷம், எது வந்தாலும் இறுக்கமும் நெளிவும் கூடும். தூங்கும்போது மட்டும் என் கையைப்போல சாதுவான கையை வில்லிவாக்கத்திலேயே பார்க்க முடியாது. ஆனால் தூங்கிக்கொண்டே காபி குடிக்க முடியாதே.

காபி விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகத்தான் சொல்ல வேண்டும். வீட்டுக்கு வந்தவருக்குத் தளும்பத் தளும்பக் கொடுப்பது நம் ஊர் மரியாதை. எனக்கோ பாதி டம்ளர்தான் வேண்டும், அதுவும் பெரிய டம்ளரில் பாதி. பாதி டம்ளர் என்றால் என் வாய்க்கு வரும். முழு டம்ளர் என்றால் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் மடிக்குப் போகும். “அரை டம்ளர் போதும் ஆன்ட்டி” என்றால் ஆன்ட்டிக்கு மனசு வலிக்கும். “ஏன், எங்க வீட்ல பாலுக்கா பஞ்சம்? கூச்சப்படாம குடி” என்று விளிம்புவரை ஊற்றிக் கையில் திணித்துவிட்டு, எதிரே உட்கார்ந்து இமைகொட்டாமல் பார்ப்பார். உள்ளேயிருந்து அங்கிள், “பார்த்து, சூடா இருக்கும்” என்பார். அவ்வளவுதான், நிபந்தனைகள் அனைத்தும் பூர்த்தி. அந்த வீட்டு சோபா உறையில் இன்றைக்கும் என் ஞாபகார்த்தம் இருக்கிறது.

ஸ்ட்ரா போட்டுக் குடித்தால் பிரச்சினை இல்லை. ஃபில்டர் காபிக்கு ஸ்ட்ராவா என்று கும்பகோணத்துக்காரர் ஒருவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார், அதைப் பொறுத்துக்கொள்ளலாம். 2019 ஜனவரி 1-ஆம் தேதி, ஒருமுறை பயன்படுத்தித் தூக்கியெறியும் பிளாஸ்டிக் பொருள்களைத் தமிழ்நாடு அரசு தடை செய்தது. பட்டியலில் ஸ்ட்ராவும் இருந்தது. தடை நியாயமானது, மாட்டின் வயிற்றுக்குள் என் ஸ்ட்ரா போவதில் எனக்கும் சம்மதமில்லை. ஆனால் பதிலுக்கு வந்த காகித ஸ்ட்ரா, சூடான காபியில் நாலு வாய்க்குள் கூழாகிவிடும். கூழும் காபியும் சேர்ந்து ஒரு புதுப் பலகாரம். அடுத்து ஸ்டீல் ஸ்ட்ரா வாங்கினோம். என் தாடை எப்போது இறுகிக் கடிக்கும் என்பது எனக்கே தெரியாது, கடித்தால் ஸ்டீலுக்கு ஒன்றும் ஆகாது. கடைசியில் சிலிகான் குழல் ஒன்று கிடைத்தது. கைப்பையிலேயே இருக்கும். ஹோட்டலில் எடுத்துப் போட்டேன் என்றால் பக்கத்து மேசைக் குழந்தை “எனக்கும் அது வேணும்” என்று அழ ஆரம்பிக்கும். என்னைப் பார்த்துப் பொறாமைப்படுகிற ஒரே கூட்டம் குழந்தைகள்தான்.

ஹோட்டல் என்றதும் இன்னொன்று. சர்வர் என்னிடம் கேட்க மாட்டார். அப்பாவிடம், “பாப்பா என்ன சாப்பிடும்?” என்பார். பாப்பாவுக்கு பி.எஃப். பிடித்தம் போகச் சம்பளம் வருகிறது. ஆனாலும் இலை போடுவதற்கு முன்பே உயர்திணையிலிருந்து இறக்கிவிடுவார்கள். “பாப்பாவுக்கு ஒரு மட்டன் பிரியாணி” என்று நானே சொல்வேன்.

திடீர்ச் சத்தம் கேட்டால் உடம்பு முழுக்கத் தூக்கிவாரிப் போடுவதும் இந்த நோயோடு சேர்ந்து வருவது. பிறந்த குழந்தைகள் எல்லோருக்கும் இருக்கிற அனிச்சைச் செயல். மற்றவர்களுக்குச் சில மாதங்களில் போய்விடும், எங்களில் பலருக்குப் போகவே போகாது. குக்கர் விசில் எத்தனை என்று அம்மா அடுப்பைப் பார்த்து எண்ணுவதில்லை, என்னைப் பார்த்து எண்ணுகிறாள். கல்யாண வீட்டில்தான் ஆபத்து அதிகம். கையில் அட்சதையை வைத்துக்கொண்டு பயபக்தியோடு நிற்பேன். “கெட்டிமேளம், கெட்டிமேளம்!” என்று ஒருவர் விரலை ஆட்டுவார். தவில் இடிக்கும். என் அட்சதை மொத்தமும் வீடியோகிராபரின் சட்டைக் காலருக்குள் போய்விடும். எங்கள் சொந்தத்தில் பல கல்யாண வீடியோக்களில் தாலி கட்டும் கட்டத்தில் படம் ஒரு குலுங்கு குலுங்கும்.

கெண்டைக்கால் இறுக்கத்தைக் குறைக்க போடாக்ஸ் ஊசி போடுவார்கள். சினிமா நட்சத்திரங்கள் முகச்சுருக்கத்துக்குப் போட்டுக்கொள்கிற அதே மருந்து. தசைக்கு நரம்பு அனுப்பும் உத்தரவைக் கொஞ்ச காலம் தடுத்து வைக்கும். மூன்று நான்கு மாதத்தில் வேகம் தீர்ந்து இறுக்கம் திரும்பிவிடும். விலையைக் கேட்ட அத்தை, “அவ்ளோ காசு குடுத்துக் கால்ல ஏன்டி வீணாக்குற? மூஞ்சில போட்டாலும் நாலு பேரு பார்ப்பாங்க” என்றாள். மிச்சம் இருந்தால் தனக்கும் ஒரு சொட்டு போடச் சொல்லிக் கேட்கச் சொன்னாள்.

நான் ஒன்றும் சொல்லாமலே புரிந்துகொண்ட ஒருவர் உண்டு. பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் செருப்பு தைக்கிற அண்ணன். நான் குதிகால் ஊன்றாமல் முன்பாதத்தால் நடப்பதால் ஷூவின் நுனிதான் முதலில் தேயும், அதிலும் இடது நுனி. இடது காலில் பிளாஸ்டிக் ஸ்பிளிண்ட் மாட்டிக்கொண்டு ஷூ போட வேண்டும் என்பதால் அந்தக் காலுக்கு ஒரு சைஸ் பெரிது. அதாவது ஒரு ஜோடி போட இரண்டு ஜோடி வாங்க வேண்டும். முதல் தடவை ஷூவை நீட்டியபோது அண்ணன் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “முட்டி ரெண்டும் உள்ளாற இடிக்குதா? இடது காலு இழுக்குது, இல்ல?” என்றார். இதைக் கண்டுபிடிக்கப் பெரிய பெரிய டாக்டர்கள் என்னை அரை மணி நேரம் நடக்கவிட்டிருக்கிறார்கள். நுனியில் டயர் ரப்பர் ஒன்றை வைத்து ஒட்டிக் கொடுத்தார். ஷூ கிழிந்தாலும் அந்த ரப்பர் கிழியவில்லை.

அப்பா ஐ.சி.எஃப். ரயில் பெட்டித் தொழிற்சாலையில் வெல்டராக இருந்து ஓய்வு பெற்றவர். பிள்ளைக்கு என்ன வாங்குவது என்று மற்ற அப்பாக்கள் யோசிக்கும்போது, எங்கள் அப்பா எங்கே பற்றவைப்பது என்று யோசித்தார். கட்டிலிலிருந்து கழிப்பறைவரை சுவரெல்லாம் கைப்பிடிக் கம்பிகள், அத்தனையிலும் நீல பெயின்ட். எங்கள் வீட்டுக்குள் நுழைந்தால் ஸ்லீப்பர் கோச்சில் நுழைந்த மாதிரி இருக்கும். டிடிஇ மட்டும்தான் இல்லை. “வீடு பார்க்கவே நல்லால்ல” என்று ரொம்ப நாள் குறை சொல்லிக்கொண்டிருந்த ஆயா, எண்பது வயதில் முட்டி பிடித்துக்கொண்டதும் கம்பிகளைத் தன் பெயருக்குப் பட்டா போட்டுக்கொண்டாள். இப்போது காலையில் கம்பிக்கு வரிசையில் நிற்கிறேன்.

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016 மொத்தம் 21 வகைக் குறைபாடுகளைச் சொல்கிறது. சலுகைகளில் பெரும்பாலானவற்றுக்கு 40 சதவீதமாவது தேற வேண்டும். மருத்துவக் குழுவின் முன்னால் போய் நின்றேன். மூன்று டாக்டர்கள் ஒரே நேரத்தில் பார்த்தார்கள். என் சட்டம்தான் உங்களுக்குத் தெரியுமே, அன்றைக்குக் கை ஆடிய ஆட்டத்துக்கு 70 சதவீதம் கிடைத்தது. பத்தாம் வகுப்புக் கணக்கில்கூட நான் அவ்வளவு வாங்கியதில்லை. “பொறந்ததுலேருந்தே இருக்கா? இப்ப பரவால்லயா?” என்று கேட்ட இளம் டாக்டரிடம், “எனக்குப் பரவாயில்லை சார், உங்களுக்கு?” என்றேன். இழுத்து இழுத்துச் சொன்னதில் அவருக்குப் புரியவில்லை. சில சமயம் இழுவை நல்லது.

ராம் இயக்கத்தில் மம்முட்டி நடித்த ‘பேரன்பு’ 2019-இல் வந்தது. மூளை முடக்குவாதமுள்ள மகளும் அப்பாவும் பற்றிய படம். அதற்குப் பிறகு ரயிலில் எதிர் சீட்டுக்காரர்கள் எங்களைப் பார்த்துக் கண்கலங்க ஆரம்பித்தார்கள். அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு, “நீங்க தெய்வம் சார்” என்பார்கள். அந்த நேரத்தில் தெய்வமும் நானும் கடைசி முறுக்கு யாருக்கு என்று சண்டை போட்டுக்கொண்டிருப்போம். அப்பா மம்முட்டி மாதிரி இல்லையே என்பது தவிர அம்மாவுக்கு வேறு குறை கிடையாது.

மாமா ஒருவர் அழமாட்டார், உற்சாகப்படுத்துவார். 2024 பாரிஸ் பாராலிம்பிக்ஸில் டி35 பிரிவில் 100 மீட்டர், 200 மீட்டர் இரண்டிலும் பிரீத்தி பால் வெண்கலம் வாங்கினார். அவருக்கும் இதே நோய்தான். நான் கைதட்டிக் கண்ணீர் விட்டுப் பார்த்தேன். மறுநாள் காலை மாமா அந்த வீடியோவை அனுப்பி, “உன்ன மாதிரிதான் அந்தப் பொண்ணும். மனசு வெச்சா நீயும் ஓடலாம்” என்று எழுதினார். “உசேன் போல்ட்டுக்கும் உங்கள மாதிரி ரெண்டு காலுதான் மாமா. நீங்க எப்ப ஓடப் போறீங்க?” என்று பதில் போட்டேன். அதற்குப் பிறகு குட் மார்னிங் மட்டும்தான் வருகிறது.

வெளியே போவது தனிக் கதை. நடையில் தள்ளாட்டம், பேச்சில் குழறல். ஒருநாள் ஆட்டோவில் ஏறியபோது ஓட்டுநர் அண்ணன் கண்ணாடியில் ஒருமுறை பார்த்தார், திரும்பி ஒருமுறை பார்த்தார். “காலங்காத்தாலயேவாம்மா?” என்றார். “இல்லண்ணா, எனக்கு செரிபரல் பால்சி.” “அந்த பிராண்டெல்லாம் எனக்குத் தெரியாதும்மா. எதுவா இருந்தாலும் உடம்புக்கு ஆகாது” என்றவர், ஈக்காட்டுத்தாங்கல் வரும்வரை தன் மச்சான் குடியை விட்ட கதையைச் சொல்லிக்கொண்டு வந்தார். நல்ல கதை. மீட்டர் காசுக்கு மேல் வாங்கவுமில்லை.

எனக்கு அறிவுரையோடு போயிற்று. மாற்றுத்திறனாளி உரிமைகளுக்காக உழைக்கிற ஜீஜா கோஷுக்கு அப்படிப் போகவில்லை. அவருக்கும் மூளை முடக்குவாதம்தான். 2012-இல் கொல்கத்தாவிலிருந்து கோவாவுக்கு ஒரு மாநாட்டுக்குப் போக விமானத்தில் ஏறி உட்கார்ந்தவரை, பறக்கிற உடல்நிலையில் இல்லை என்று தாங்களாகவே முடிவு செய்து இறக்கிவிட்டார்கள். அவர் விடவில்லை. அந்த விமான நிறுவனம் 10 லட்சம் ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்று 2016-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நாலு வருடம் கழித்து வந்தாலும் வாங்கிய அடி அவர்களுக்கு வலித்திருக்கும் என்று நம்புகிறேன்.

சென்னை நல்ல ஊர்தான், முயற்சி செய்கிறது. மெரினாவில் மாற்றுத்திறனாளிகள் நாங்கள் கடல்வரை போக மரப்பாதை போட்டார்கள், 263 மீட்டர் நீளம். 2022 நவம்பர் 27 அன்று திறப்பு விழா. டிசம்பர் இரண்டாம் வாரத்தில் மாண்டஸ் புயல். நாங்கள் கடலிடம் போவதற்குள் கடல் அவசரப்பட்டு அந்தப் பாதையில் ஏறி வந்துவிட்டது. பாதையின் முனை பெயர்ந்துபோனது. பிறகு சரிசெய்தார்கள், நானும் போய்க் காலை நனைத்தேன். அலை வந்ததும் தூக்கிவாரிப் போட்டது, அப்பாவும் சேர்ந்து நனைந்தார். 2024 ஆகஸ்டில் மாநகரப் பேருந்துகளில் தாழ்தள வண்டிகள் மறுபடியும் வந்தன. நிறுத்தத்தில் ‘புஸ்’ என்று காற்றை இறக்கி நடைபாதைப் பக்கமாகத் தாழ்ந்து நிற்கும். எனக்காக ஒருவர் மண்டியிட வேண்டும் என்று அம்மா வேண்டாத கோயில் இல்லை. முதலில் மண்டியிட்டது அந்த பஸ்தான்.

நான் மென்பொருள் சோதிக்கும் வேலையில் இருக்கிறேன். மற்றவர்கள் செய்து வைத்ததை எப்படியெல்லாம் உடைக்கலாம் என்று பார்ப்பது. வீட்டில் உடைத்தால் திட்டு, ஆபீஸில் உடைத்தால் சம்பளம். ‘நான் ரோபோ அல்ல’ என்று கட்டத்தில் டிக் செய்யச் சொல்வார்கள் அல்லவா, அதில் என்னை யாரும் சந்தேகப்பட்டதே கிடையாது. என் மவுஸ் போகிற கோணலைப் பார்த்தால் எந்த ரோபோவுக்கும் அவமானமாக இருக்கும். ஓ.டி.பி.தான் என் எமன். ஆறு இலக்கம், முப்பது விநாடி. நாலாவது எண்ணைத் தொடும்போது காலாவதியாகிவிடும். மறுபடி கேட்பேன், மறுபடி வரும், பதற்றத்தில் விரல் இன்னும் துள்ளும். இரண்டு முறை தப்பானதும் கணக்கைப் பூட்டிவிட்டு, ‘உங்கள் பாதுகாப்புக்காக’ என்று செய்தி அனுப்புவார்கள். என் பணத்தை என்னிடமிருந்து இவ்வளவு கவனமாக யாரும் பாதுகாத்ததில்லை.

இந்த வேலையில் நான் கற்றுக்கொண்டு, வீட்டில் ஃப்ரேம் போட்டு மாட்டலாம் என்று நினைக்கிற விதி ஒன்று இருக்கிறது. வலைத்தளங்களை எல்லோரும் பயன்படுத்தும்படி அமைக்க உலக அளவில் வழிகாட்டு நெறிகள் உண்டு. டபிள்யூ.சி.ஏ.ஜி. என்பார்கள். அதில் 2.2.1: ஒரு பக்கம் நேரக் கெடு வைத்தால், கெடுவை நிறுத்தவோ, குறைந்தது பத்து மடங்காக மாற்றவோ, முடிவதற்குள் எச்சரித்து நீட்டிக்கவோ வழி தர வேண்டும். ஏலம் போன்ற சிலவற்றுக்கு விலக்கு உண்டு. மளிகைக் கடைக்கு விலக்கு என்று அதில் எங்கும் இல்லை.

எங்கள் தெரு முனைக் கடை அண்ணாச்சி நல்லவர். நல்லவர்களிடம்தான் சிக்கலே. ஒருநாள் அம்மா குருமாவுக்கு மசாலா அரைக்கும்போது, “ஓடிப்போய் நூறு கிராம் சோம்பு வாங்கிட்டு வா” என்றாள். ஓடிப்போய்! போனேன். சாயங்காலக் கூட்டம்.

“சோ...” என்றேன்.

“சோப்பா பாப்பா? குளிக்கவா, துவைக்கவா?”

இல்லை என்று தலையாட்டினேன். என் தலை இல்லை என்று ஆடுவதும் ஆமாம் என்று ஆடுவதும் வெளியிலிருந்து பார்க்க ஒன்றுதான். துணி சோப்பு ஒன்று மேசைக்கு வந்தது.

“சோ...”

“சோடாவா? முதல்ல குடி தாயி. முகமெல்லாம் வேர்த்துக் கிடக்கே.”

பின்னால் நின்ற அக்கா, “சோளமாவு கேக்குது போல அண்ணாச்சி” என்றார். லுங்கி கட்டிய பெரியவர், “சோயாவா இருக்கும்யா. இப்ப எல்லாரும் அதத்தான் திங்கிறாங்க” என்றார். ஒரு பள்ளிக்கூடப் பையன் “சோன்பப்டி!” என்று கத்தினான். கடை முழுக்க விடுகதைப் போட்டியாகிவிட்டது. ஒருவர் முகத்திலும் கேலி இல்லை, அத்தனை பேரும் மனசார உதவினார்கள். அவர்கள் உதவ உதவ என் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. ஃபோனில் எழுதிக் காட்டலாம் என்று பையைத் திறப்பதற்குள் அண்ணாச்சி பில்லைப் போட்டுவிட்டார்.

வீட்டுக்குத் துணி சோப்பு, சோளமாவு, சோயா உருண்டை, சோன்பப்டி எல்லாம் வந்தன. சோம்பு வரவில்லை. அன்றைக்குக் குருமாவில் சோயா போட்டாள் அம்மா. ஆயா மட்டும் சோன்பப்டியைத் தின்றுகொண்டே, “புள்ள சரியாத்தான் வாங்கியாந்திருக்கு” என்றாள்.

பத்து மடங்கெல்லாம் நான் கேட்கவில்லை. அது இணையத்துக்கு இருக்கட்டும். நான் ஆரம்பித்த சொல்லை நானே முடிக்கும்வரை வாயை மூடிக்கொண்டு, முடிந்தால் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு இருங்கள். மிஞ்சிப்போனால் பத்து விநாடி. அண்ணாச்சிக்கு இது பழகிவிட்டது, இப்போதெல்லாம் “சோ...” என்றால் அடுத்தவருக்கு அரிசி நிறுக்கப் போய்விடுகிறார், நிறுத்து முடிப்பதற்குள் நானும் முடித்துவிடுகிறேன்.

அப்புறம், மெட்ரோவில் லிஃப்ட் வாசலை அடைத்துக்கொண்டு நிற்கிற தம்பிகளே, எஸ்கலேட்டர் அந்தப் பக்கம் இருக்கிறது.